பத்தொன்பதாவது தகடு

மணப்பாக்கத்தில் அடையாற்றின் குறுக்கே
ஆறு மாதத்துக்கென்று போட்ட இரும்புப் பாலம்.
இரவுக் காவல் தயாபரன்.

வன்னியில், குண்டில் சரிந்த பாலத்தின் பக்கத்திலும்
இப்படித்தான் ஒன்று போட்டார்கள்,
ஆறு மாதத்துக்கு.
அதில் நடந்தே பள்ளிக்கூடம் முடித்தான்.
லாரி ஏறினால் தகடுகள் ஒவ்வொன்றாய்ச் சொல்லும்,
டடக், டடக், நாற்பத்திரண்டு வரை.
நடுவில் நின்றால்
வீடுகளில் விளக்கணைப்பார்கள்.

இங்கே முப்பத்தொன்றுதான்.
இரண்டு மணிக்கு ஒரு தண்ணீர் லாரி
பத்தொன்பதில் நின்றது.

கை தானாகப் போய்
கொட்டகை பல்பை அணைத்தது.

டிரைவர் இறங்கி
கம்பியோரம் ஒண்ணுக்கு இருந்துவிட்டு
கொட்டாவியோடு ஏறினான்.
இருபது. இருபத்தொன்று.

கடைசித் தகடுவரை எண்ணிவிட்டு
பல்பைப் போட்டான்.
பூச்சிகள் திரும்பி வந்தன.