ஐந்நூறாவது மீட்டர்

ஜெசிந்தா,
பதினோரு வருஷமாய் நான் பார்த்தது உன் முதுகைத்தான்.
இடது தோளுக்குக் கீழே மிளகளவு மச்சம்.
வேர்வை முதலில் அங்கேதான் முளைக்கும்.
நீ என்னை ஒரு பந்தயத்திலும் பார்த்ததில்லை.

ஏற்காடு கோடை விழா.
வாடகைப் படகு,
ஒரு துடுப்பு மற்றதைவிட ஒரு சாண் குட்டை.
பெண்கள் பிரிவில் ஆளில்லை என்று
ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் நின்ற நம்மைத்
தம்பதியர் பிரிவில் சேர்த்தார்கள்.
ஜெயித்தோம்.
பரிசு எவர்சில்வர் அண்டா.
யார் வீட்டுக்கு என்று சண்டை போட்டு
பஸ் வரும்வரை பேசாமல் நின்றோம்.

பிறகு நிஜப் படகு வந்தது, சேலத்திலிருந்து, லாரியில்.
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்பவில்லை.
எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கினோம்.
பாடை மாதிரி இருக்கு என்றான் கிளீனர்.
நீ முறைத்த முறைப்பில் மீதி வளைவெல்லாம் வாய் திறக்கவில்லை.

பந்தயம் இரண்டாயிரம் மீட்டர்.
நம் ஏரி ஐந்நூறு, அதிலும் கொஞ்சம் இழுத்துக் கட்டினால்தான்.
ஆகவே மூன்று முறை திரும்பினோம்.
விடியற்காலை, கரையைப் பனி தின்றிருக்கும்.
அன்னப்பறவைப் படகுகள் சங்கிலியில் தூங்கும்.
கழுத்தைத் திருப்பிக் கரை பார்ப்பது என் வேலை.
"திரும்பு" என்று கத்துவதும்.

"உட்கார்ந்துகிட்டே ஓடுற பந்தயமா?" என்று கேட்டாள் அம்மா.
ஆமாம் அம்மா. பின்பக்கமாக.

இருவரும் சேர்ந்து நூற்றுப் பதினான்கு கிலோ, அவ்வளவுதான் அனுமதி.
புனேயில் இருநூறு கிராம் கூடிவிட்டது.
நீ பின்னலை வெட்டினாய்.
நான் எச்சில் துப்பிக்கொண்டே மைதானம் சுற்றினேன்.
எதில் குறைந்தது என்று இன்றுவரை தகராறு.

கொரியாவில் தண்ணீர் திரும்பவே இல்லை.
மஞ்சள் மிதவைகள், நூல் பிடித்தாற்போல் நேராக,
கண் போகும் தூரத்துக்கும் அப்பால்.
மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தோம்.
ஐந்நூறாவது மீட்டர்.
நானா கத்தினேன்?
ஏரி கத்தியது என் வாயால்:
"திரும்பு!"

ஆறு படகுகளில் அந்தச் சொல் புரிந்தது உனக்கு மட்டும்.
என் வலது கை ஒரு இழுப்புக்குத் தளர்ந்தது.
உன் முதுகு குலுங்கியது.
சிரிப்பா, கோபமா,
முதுகிடம் எப்படிக் கேட்பது?
ஐந்தாவதாக வந்தோம்.
விமானத்தில் நீ ஜன்னலோரம் தூங்கினாய்,
அல்லது தூங்குவதுபோல் இருந்தாய்.

ஏப்ரலில் மறுபடி தேர்வு.
ரயில்வே உனக்கு லீவு தருமா தெரியாது.
நான் ஐந்தரைக்குப் படகுத் துறையில் இருப்பேன்.
வந்தால் அந்த அண்டாவையும் எடுத்து வா.
கை வெடித்திருக்கிறது.
வெந்நீரில் நாலு கையும் ஒன்றாய் முக்க
என் வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை.