புளியரை சோதனைச்சாவடி

கோழி லாரியை நிறுத்துகிறார்கள்.
அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள்.
நேற்று ஒருவன் கொண்டுவந்த வாத்து முட்டையைக்கூட
எண்ணினார்கள்.

ஒன்று மட்டும்
பெர்மிட் இல்லாமல் மலையேறி இறங்குகிறது.

ஆரியங்காவில் நாத்தனார் கோமு ஜெயித்த வார்டுக்கு
அவள் வீட்டுக்காரர்தான் மெம்பர்.
இங்கே என் நாற்காலியில்
இவர் துண்டு.

கோயில் மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.
பரிவட்டம் இவர் தலையில்.
கமிட்டிக் கூட்டத்தைக் கோயிலுக்குள்ளேயே வைப்போம் என்று
தேதி குறிக்குமுன் கேட்டார் குற்றாலிங்கம்,
என்னை இல்லை, இவரை:
"மயினிக்கு அன்னைக்குத் தோதுப்படுமா?"

தோதுப்படாது அண்ணாச்சி.
அன்றைக்கு எனக்கு மூன்றாம் நாள்.
மினிட் நோட்டும் முத்திரையும்
என் பீரோவில் இருக்கின்றன,
நாப்கின் பாக்கெட்டுகளுக்கு அடியில்.
கைவிட்டு
எடுத்துக்கொள்ளுங்கள்.