பதினொரு வாரம்

கடைசித் தேர்வு முடிந்த அன்றே
ஹுய் லிங் அட்டவணை போட்டுவிட்டாள்.
மே: இதயப் பிரிவில் நிபுணர் பின்னால் நிழலாக நடப்பது.
ஜூன்: கம்போடியக் குழந்தைகளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பது.
ஜூலை: ஓர் ஆய்வுக் கட்டுரை,
பெயர் ஐந்தாவதாக வந்தாலும் போதும்.
நடுவே நான்கு கட்டங்களுக்குப் பச்சை அடித்து
'ஓய்வு' என்று எழுதியிருந்தாள்,
அதற்கும் ஒரு நினைவூட்டல் மணி வைத்து.

நான் அனுப்பிய விண்ணப்பங்கள்
எங்கேயோ இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.
எலும்புப் பிரிவில் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது மணிக்கட்டுகள்.
வயது, பால், இடமா வலமா,
வேலைக்குத் திரும்ப எத்தனை நாள்.
ஜன்னல் இல்லாத அறையில் காலை முழுவதும்
முகமில்லாத கைகள்
வரிசையாக என்னைக் கடந்து போயின.

மாலையில் சைக்கிள் பழகினேன்,
இருபத்தொரு வயதில்.
யீஷூனில் பதினோராம் மாடியில் வளர்ந்தவளுக்குச்
சைக்கிள் என்பது மின்தூக்கியில்
அடுத்தவர் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒன்று.
இரண்டு ரயில் மாறி ஈஸ்ட் கோஸ்ட் கடலோரம்,
செயலி திறந்துவிட்ட வாடகை வண்டி.
ஐந்து வயதுப் பொடியன்கள் மணியடித்து முந்தினார்கள்.
தூரத்துக் கப்பல்கள் எதற்கும் அவசரப்படவில்லை.
சமநிலை, காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கிறது:
ஆறு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
குழாய்கள் அந்தத் தாளைப் படித்ததாகத் தெரியவில்லை.

எட்டாம் நாள் விழுந்தேன்.
விரித்த உள்ளங்கை மேல், பாடநூல் சொன்னபடியே.
கட்டைவிரல் அடியில் இருக்கும் சிறு குழியை
அழுத்திப் பார்த்தேன்.
சுளீர் என்றது.
சொல்ல வெட்கம், முதலில் வந்தது சந்தோஷம்:
சரியான விடை.

அவசரப் பிரிவில் தாதி கேட்டார்,
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?
நோயாளிகளாக நடிக்க வந்தவர்களிடம்
நாற்பது முறையாவது கேட்ட கேள்வி.
கண்ணைப் பார்த்துக் கேட்டதற்குத் தனி மதிப்பெண் வாங்கியவள்
திருதிருவென்று விழித்தேன்.
பத்து என்றால் யாருடைய பத்து?
"ஆறு" என்றேன். பிறகு "ஐந்து".
தேக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவதுபோல.

பக்கத்து நாற்காலிக்காரர் கையில் துண்டு சுற்றியிருந்தார்.
காலணியில் சிமெண்டு காய்ந்திருந்தது.
அவரைக் கேட்டபோது "டூ" என்றார்.
துண்டு வேறு ஓர் எண்ணைச் சொன்னது.

தாதி நகர்ந்ததும் ஏன் என்று கேட்டேன்.
தமிழைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்தார்.
பெயர் சேவுகன், தேவகோட்டைப் பக்கம்.
"பெருசாச் சொன்னா எம்சி நாளைக் கூட்டிருவாங்க.
ஓடி போயிரும்.
ரெண்டுன்னா ரெண்டு நாளோட விட்ருவாங்க."
அப்படி ஒரு கணக்கு எங்கள் பாடத்தில் இல்லை.

"உங்களுக்கு எத்தன நாள் லீவு?"

இந்த மாதம் எல்லோரும் கேட்கும் கேள்வி.
யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது:
"பதினொரு வாரம்."

என் மணிக்கட்டைப் பார்த்தார்.
முகம் அப்படியே வாடிப்போனது.
"அவ்வளவு மோசமாவா உடைஞ்சிருக்கு?"

இல்லண்ணே, அது வேற லீவு,
என்று தொடங்குவதற்குள் அவர் எண் திரையில் மின்னியது.
போகிறபோது தன் தண்ணீர்ப் போத்தலை
என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இரவு பேருந்தில் செயலியைத் திறந்தேன்.
பூட்ட மறந்த சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது:
நான்கு மணி நேரம் பதினேழு நிமிடம்.
நான் ஓட்டியதிலேயே அதுதான் அதிகம்.

இப்போது வலது கையில் மாவுக்கட்டு.
இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்.
கடைசிக் கட்டத்தில்
இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு...
சீக்கிரம் குணமானவர்கள் என்று
போன வாரம்வரை நினைத்திருந்தேன்.
ஒவ்வோர் இரண்டிலும் விரல் நின்றுவிடுகிறது.

மணிக்கு எட்டு மணிக்கட்டுகள்தான் முடிகின்றன.
விடுமுறை எப்படிப் போகிறது என்று
ஹுய் லிங் கேட்டிருக்கிறாள்.
மெதுவாக, என்று தட்டவே
ஒரு நிமிடம் ஆகிறது.