திங்கட்கிழமை

கரோல்பாக் லாட்ஜின் மொட்டைமாடியில்
இருபத்துமூன்றாவது தடவையாக வெங்காயம் உரிக்கிறேன்.
டெல்லி எனக்குத் தெரியும்:
சிலிண்டர் கிடைக்கும் சந்து,
நல்ல புளி விற்கும் ஒரே கடை,
ஜனவரித் தண்ணீரில் அரிசி களைந்தபின்
விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது.

காசி, கயா, ஆக்ரா, டெல்லி.
மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு
என்று நோட்டீஸில் கொட்டை எழுத்து.
தாஜ்மகாலுக்காக அல்ல,
அந்த வரிக்காகவே பணம் கட்டினார்கள் அப்போது.
செங்கோட்டை வாசலில் நின்று ஒருவர் கேட்டாராம்:
"ரசம் ஆறிடாதே?"

இந்தத் தடவை
ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் மகள்
சாந்தினி சௌக்கில் எதையெதையோ தின்றுவிட்டு
உதடெல்லாம் சிவக்கச் சிரித்துக்கொண்டு வருகிறாள்.
அண்டாவில் சாம்பார் அப்படியே இருக்கிறது.

மேனேஜர் பூவராகன் தலையைச் சொறிந்தார்.
"மதியம் இனிமே வேண்டாம்ணே. காலை டிபன் போதும்.
நீங்களும் போய் ஊரைப் பாருங்க."

கோபம்தான். ஆனாலும் குளித்தேன்.
பையின் அடியிலிருந்த கோடுபோட்ட சட்டை.
மெட்ரோவில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
படியேறி வெளியே வந்தால்
அவ்வளவு நீளச் சிவப்புச் சுவர்.

கதவு சாத்தியிருந்தது.
திங்கட்கிழமை லீவாம்.

என்னைப்போலவே ஏமாந்த ஒரு சர்தார்ஜி
என் போனை வாங்கிப் படம் எடுத்துத் தந்தார்.
பின்னால் கோட்டை.
முன்னால் நான்,
கரண்டி இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

ராத்திரி மாடிப்படியில் அந்தப் பெண் கேட்டாள்:
"நாளைக்கு நாங்க போறோம் அங்கிள்.
உள்ளே எப்படி இருக்கு?"

"பெரிசு" என்றேன்.