ரெட்டும் ஃபாலோவும்

தடைக்காலம், முப்பத்தெட்டாம் நாள்.
காசிமேட்டு விசைப்படகுகள்
ஒன்றன் தோளில் ஒன்று உரசிக்கொண்டு
வேலையில்லாத ஆண்களைப் போலவே நிற்கின்றன.
இறால் உரிக்கும் ஷெட்டில்
காலி ஐஸ் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.

ரேஷன் கடை மிஷின் என் விரலை ஏற்கவில்லை.
கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல்,
புடவையில் துடைத்து, தலை எண்ணெயில் தேய்த்து
மறுபடி கட்டை விரல்.
பதினாறு வருஷ இறால் ஓடு தின்ற ரேகையை
எந்தக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவது?
"வூட்ல வேற ஆளு இருந்தா இட்டாம்மா."
வேற ஆளின் பெயர் கார்டில் இருக்கிறது.
ஆள் ரத்னகிரியில், யாருடைய போட்டிலோ.
பணம் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு
தெரிந்த முகம் இல்லாத சந்தாகப் பார்த்து நடந்தேன்.
மூன்றாக மடித்த கட்டைப்பை இடுப்பில்.
கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் கையில்:
டைலர்கிட்ட ஜாக்கெட் வாங்கப் போறேன்.

கேரம் கிளப்.
ராத்திரியெல்லாம் டொக் டொக்கென்று
தூக்கத்தைக் கெடுக்கிறார்களென
நானே ஒருமுறை வாசலில் நின்று திட்டிய இடம்.
இன்று நாலு போர்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள்.
துவரம் பருப்பு, ரவை, எண்ணெய் பாக்கெட்.
கடைசிப் போர்டில் சாம்பார் வெங்காயக் குவியல்
ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தாண்டிக் கிடந்தது.
மேலே தொங்கும் பல்பு
ஆட்டத்துக்கு எரிவது மாதிரியே எரிந்தது.

வாசலிலேயே நின்றேன்.
நோட்டு எங்கே, போட்டோ யார் எடுப்பார்கள்,
எந்தக் கட்சி, எந்தச் சபை
என்று கண் தேடியது.
ஒரு மின்விசிறி இருந்தது.
நைட் ஷிப்ட் அடையாள அட்டையைக் கழற்றாமலே
பருப்பு அளந்துகொண்டிருந்தவள், ஷம்ஷாத்தாம் பெயர்,
"உள்ள வாக்கா, காத்து இங்கதான் வருது" என்றாள்.

நான் கட்டை விரலை நீட்டினேன்.
பழக்கம்.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
என் பையை விரித்து
அதன் காதை அந்த விரலிலேயே மாட்டிவிட்டாள்.

"புழுங்கலா, பச்சையா?"
கேட்டது அவ்வளவுதான்.
எது வேணும் என்று என்னை ஒருவர் கேட்டு
எத்தனை நாள் என எண்ணத் தொடங்குமுன் அடுத்தது:
"பசங்க இன்னா துன்னும்?"
"பெரியவ, உப்புமான்னா ஓடிடுவா"
என் வாய் தானாகப் பேசியது.
"என் வூட்லயும் அதே கேஸ்க்கா."
ரவை பாக்கெட் போர்டுக்கே திரும்பிப் போனது.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால்
இப்பவும் சிரிப்பு வரும், வெட்கமும்.
பருப்பைப் பையில் சரித்தவளிடம்
"இன்னா, இம்மாந்தானா? இன்னொரு கை போடுமா!"
காசு கேட்காத இடத்தில் பேரம்.
மீன் ஏலத்தில் வளர்ந்த நாக்கு;
அதற்கு யார் போய்ச் சொல்வது?
அவள் முறைத்தாள். பிறகு தாங்காமல் சிரித்தாள்.
மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பையனும் சிரித்ததில்
கை தட்டி, வெங்காயம் ஒன்று
உருண்டு, உருண்டு,
மூலைக் குழியில் டொக்.

"ரெட்டு வுழுந்திச்சு!" கத்தினான்.
"ரெட்டு வுழுந்தா ஃபாலோ போடணும்க்கா,
இல்லாட்டி செல்லாது."
இரண்டு கை நிறைய அள்ளிப் பையில் போட்டான்.
அன்றைக்கு நான் திட்டிய அதே பையன்.
ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
அவனும் காட்டிக்கொள்ளவில்லை.

பை கனத்தது.
சந்தை விட்டு, மார்க்கெட் தெரு வழியாகவே வந்தேன்,
அடிக்கொரு தரம் கை மாற்றிக்கொண்டு.
வலைக்கடை வாசலில் நட்சத்திரம்.
"இன்னாடி, எங்கேந்து வர்ற?"
டைலர் பொய் நாக்கு நுனிவரை வந்தது.
"கேரம் ஆடிட்டு" என்றேன்.
அவள் பையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.
செருப்பெல்லாம் வெள்ளைப் பவுடர்.
"ஜெயிச்சியா?"

"ரெட்டு எனுக்கு.
அடுத்த சனிக்கெழம நீயும் வா."