காலுக்குக் கால்

எக்ஸ்ரே பார்த்த டொக்டர் சொன்னதில்
ஒரு சொல்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது:
தேய்வு.

தேய்வென்றால் எனக்குச் சவர்க்காரம்.
ஆகவே சவர்க்காரத்தைப் போலவே
இரண்டு முழங்காலையும் மிச்சம் பிடித்தேன்.
மாடிக்கு ஏறுவது நாளுக்கு ஒருதரம்.
உடுப்பு மடிப்பது கட்டிலில் இருந்தபடி.
சீஸ் பக்டரியின் ஈரச் சீமெந்தில்
பத்தொன்பது வருசம் நின்ற கால்கள்
இனியாவது இருக்கட்டும் என்று
சோபாவில் தலையணை அடுக்கி ஏற்றி வைத்தேன்,
ஆறு மாதம்.

மிச்சம் பிடித்தது மிஞ்சவில்லை.
காலையில் எழும்பினால் துருப்பிடித்த கேற்.
தள்ளித் தள்ளி
இருபது நிமிடத்தில்தான் திறக்கும்.
"கொஞ்சம் நடந்து பாருமன்" என்றார் தவராசா.
இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

"முடக்கொத்தான் ரசம் வையக்கா,
முடக்கறுக்கும் என்று பேரிலேயே இருக்கு"
என்றாள் நோர்வேயில் இருக்கும் தங்கச்சி.
டண்டினொங் கடைகளில் தேடி வாங்கி வைத்தேன்.
ரசம் நல்ல ருசி.
முழங்கால் முழங்காலாகவே இருந்தது.

பிசியோ ஒரு சின்னப் பெட்டை. லின்.
அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்றாள்.
குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை,
அசைந்தால்தான் அதற்குச் சாப்பாடு என்றாள்.
நோகும்; நோவதெல்லாம் சேதமில்லை என்றாள்.
பத்துக்கு எத்தனை நோ என்று கேட்டாள்.
நாலு என்றேன்.
ஐந்துவரை பரவாயில்லை,
அடுத்த நாள் காலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் சரி.

ஆறு மாதம் நான் பட்டினி போட்டது யாரை என்று
பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்.
கையை எடுத்து முழங்காலில் வைத்தேன்,
மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்.

செவ்வாயும் வெள்ளியும் வெந்நீர்த் தடாகம்.
கறுப்பு லெகிங்ஸ், மேலே தவராசாவின் ரீசேட்.
முதல்நாள் உடுப்பு மாற்றும் அறையை விட்டு
வெளியே வரவே அரைமணி நேரம்.
வந்து பார்த்தால்
தையல் கோடுகள், புடைத்த கணுக்கள்,
கம்பியைப் பிடித்தபடி படியிறங்கும் கைகள்.
என்னைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

நெஞ்சளவு தண்ணீரில் நின்றால்
உடம்பின் பாரத்தில் ஏறக்குறையக் கால்வாசிதான்
கீழே இறங்குமாம்.
எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
காலுக்குக் கால்.
தனியே சிரித்துவிட்டேன்.
பக்கத்தில் நடந்த ஸ்டாவ்ரூலா
என்ன பகிடி என்று கேட்டாள்.
இதை எந்த இங்கிலிஷில் சொல்ல?
தண்ணீருக்குள் காலைக் காட்டி
நாலு விரல் நீட்டி மூன்றை மடக்கினேன்.
அவள் பெரிதாகத் தலையாட்டி,
தன் இடுப்பைக் காட்டி,
கிரேக்கத்தில் ஏதோ ஏசினாள்.
இருவரும் சிரித்தோம்,
வேறு வேறு பகிடிக்கு.

படிக்கட்டுக்கு ஒரு விதி இருக்கிறது:
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது நோகும் கால் முதலில்.
என் கரைச்சல்,
எது நல்ல கால் என்பது
கிழமைக்குக் கிழமை மாறுகிறது.

யூன் பிறந்தால் இரவு மூன்று மணிக்கு
வலது முழங்கால் வந்து தட்டி எழுப்பும்.
சில இரவு ஐந்து இல்லை, எட்டு.
ஒத்தடப் பையைச் சூடாக்கக் குசினிக்குப் போய்
மைக்ரோவேவ் வெளிச்சத்தில் நின்று அழுதிருக்கிறேன்.
அதற்குள் லின்னின் கணக்கு ஒன்றும் நுழையாது.

கோயிலில் இப்போது கதிரை கேட்டு வாங்குகிறேன்.
நிலத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.
உள்ளே அவர் எத்தனையோ வருசமாய் நின்றபடி.
அவருக்கு எப்படியோ.

தேய்ந்த சவர்க்காரத்தை இன்றைக்கும்
புதுக்கட்டியின் முதுகில் ஒட்டி
மிச்சம் பிடிக்கிறேன்.
சவர்க்காரத்துக்கு அது சரி.

இன்று வெள்ளி.
துவாய், செருப்பு, தண்ணீர்ப் போத்தல்.
பஸ் பத்து நாற்பதுக்கு.
தரிப்புக்குப் போகும் வழியில்
ஒரு வீட்டுக் கட்டை மதிலில் இருந்து எழும்புவேன்.
நேற்றைய நோ மூன்று.
மழை வரும்போல் இருக்கிறது.
கொஞ்சம் முன்னதாகவே இறங்குகிறேன்,
நோகும் கால் முதலில்.