சைபர் அடி

சங்ககிரி ரோட்டில் எங்கள் ஆபீஸ்.
ஜன்னலில் பாதிக்கு மலை,
மீதிக்குப் பழைய ராடுகள் அடுக்கிய காலிமனை.
போர் வண்டிகள் இங்கே நிற்பதேயில்லை.
ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம்
யாரோ ஒருவர் காட்டில் துளைத்துக்கொண்டிருக்கும்;
இரவு ஒன்பதுக்குப் போன் வரும்,
இன்றைக்கு இத்தனை அடி என்று.
நான் எழுதிக்கொள்வேன்.

ஆவணியில் முதலாளி புது வண்டி இறக்கினார்.
பழைய கூட்டத்தை நடுவில் வகுந்து
பாதி ஆள் இதற்கு, பாதி அதற்கு,
குறைக்குப் பஸ்தர் பையன்கள்.
"வண்டி ரெண்டாச்சு, அடியும் ரெண்டாகோணுமில்ல?"
ஆகவில்லை.
எண்ணூறு ஓடிய இடத்தில் இருநூற்று முப்பது.

அப்போது தபாலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் தாளில் குழுவுக்கு நான்கு பெட்டி:
கூடுவது, முட்டிக்கொள்வது, முறைப்படுவது, ஓடுவது.
பெட்டிக்குப் பெட்டி அம்பு.
அடுத்த பக்கத்தில் மாற்றத்துக்கு ஒரு பனிக்கட்டி,
உருக்கி, வேறு அச்சில் ஊற்றி, மறுபடி உறையவைக்க வேண்டுமாம்.
பிரிட்ஜ் இல்லாத வண்டியில் எதை உறையவைக்க
என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

டீசல் பில்லின் முதுகில் பெட்டி போட்டு
பெயர்களை உள்ளே இறக்கினேன்.
ட்ரில்லர் செங்கோட்டுவேல், டிரைவர் அர்த்தனாரி,
சமையல் ராயப்பன், புத்ராம், லக்மு, இன்னும் இரண்டு பேர்.
பதினோராம் நாள் சோறா ரொட்டியா என்று கைகலப்பு.
பதினாலாம் நாள் ராடு சரியாகத் திருகாமல்
முந்நூற்றுப் பத்தடியில் ஹேமர் கழன்று விழுந்தது.
திருகியது யார் என்பதற்கு
இரண்டு பாஷையில் இரண்டு பதில்.

"கலச்சு உட்டரலாம். டிக்கெட்டப் போடு, அத்தன பேருக்கும்."
நான் பில்லைத் திருப்பிக் காட்டினேன்.
இது ரெண்டாவது பெட்டிங்க.
இப்பக் கலைச்சா அடுத்த கூட்டமும்
மொதப் பெட்டியில இருந்துதான் வரணுங்க.
பில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எந்த ஊர்ல பாத்தே அம்மிணி இத?"
எங்கேயும் பார்க்கவில்லை.
படித்திருந்தேன், அவ்வளவுதான்.
மூன்று வாரம் கொடுத்தார்.
அந்த மூன்று வாரமும் என் வயிற்றுக்குள்
ஒரு கம்ப்ரசர் ஓடியது.

நூற்றுத் தொண்ணூறு. இருநூறு.
சைபர், பழுது.
நானூற்றைம்பது. எழுநூறு.
எண்ணூற்று நாற்பது வந்த இரவு
நான்காவது பெட்டியில் பச்சை மையால் டிக் அடித்தேன்.
பரீட்சையில் இதையே உதாரணமாக எழுதினேன்.
எழுபத்தொரு மார்க்.

தீபாவளிக்கு வண்டி ஊர் வந்தது.
கணக்குத் தீர்க்க உட்கார்ந்த செங்கோட்டுவேலிடம்
பெட்டிகளைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.
கிரீஸ் விரல் தேதி தேதியாக இறங்கி
சைபரில் நின்றது.

"இது பழுதில்லீங்க.
புத்ராமோட அம்மா தவறிப்போச்சுன்னு சேதி.
எண்பது கிலோமீட்டர், பஸ் கெடையாது.
சப்போர்ட் லாரி கிளட்ச் போயிருந்துதுங்க.
ரிக்கையே எடுத்துட்டுப் போயிட்டோம். எல்லாரும்."

எழவு வீட்டுக்கு ரிக்கிலா?

"ரோட்டோரமாத்தான் நிறுத்துனோம்.
காரியம் முடிஞ்சு பாத்தா, குளிக்கத் தண்ணியில்லைங்க அந்த ஊர்ல.
வந்ததுக்கு ஒண்ணு போட்டுட்டு வந்தோம்.
அன்னிக்கு லீவரப் புடிச்சது லக்முதான்.
நான் சும்மா நின்னேன்."

எத்தனை அடி?

"நூத்தி எண்பது. ரெண்டு இஞ்சு தண்ணி.
டீசல் சம்பளத்துல புடிச்சுக்குங்க."

நான்கு கேசிங் பைப் குறைவதைக்
களவு என்று எழுதியிருந்தேன், அதே பக்கத்தில்.
ரப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

உள்ளறையிலிருந்து முதலாளி குரல்:
"மூணாவது வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் அம்மிணி.
ரெண்டாவது பொட்டிக்கு எத்தன நாளாகும்னு
இப்பவே சொல்லீரு."

செங்கோட்டுவேல் டீ டம்ளரைக் கீழே வைக்காமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.